பனி பெய்யாத ஊரில் ஒரு பனிப் பாடம்

திருப்பூரில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் 'பனி' என்றதும் முதலில் ஞாபகம் வருவது பனியன்தான்! மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறோமே, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த பனி. கூரையை முறிக்கிற பனி, இரும்புக் குழாயை வளைக்கிற பனி என்றெல்லாம் சொன்னால் கதை மாதிரித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பனியோடு மல்லுக்கு நிற்பது எப்படி என்கிற பாடத்தை நான் கேட்டது காஷ்மீரில் இல்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் கொமரலிங்கத்தில்! சொன்னவர், பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே பார்த்திருக்கும் என் அத்தை.

ஆறும் வாய்க்காலும்

பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவு விட்டதும் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டோம். "வர்றப்ப பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டாந்துரு கண்ணு" என்று போனிலேயே உத்தரவு வந்திருந்தது. பலகாரம் கேட்பார்கள், பட்டுப்புடவை கேட்பார்கள். என் அத்தை கேட்பது கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி! எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பல்லடம் வழியாக உடுமலை போய், அங்கே வேறு பஸ் மாற வேண்டும். உடுமலையை நெருங்க நெருங்க வழி நெடுகக் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று, ஆனி ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்தை ஒரு வழி பண்ணிவிடும். கொடியில் காயும் துணிக்கு இரண்டு கிளிப் போதாது என்றால் பாருங்களேன்!

கொமரலிங்கம் ஒரு பேரூராட்சி. குமரலிங்கம் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான். இப்போது மடத்துக்குளம் தாலுகாவில் இருக்கிறது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை கோவை மாவட்டத்து ஊர். தெற்கே பார்த்தால் மலை. அந்த மலையிலிருந்து, மறையூர், காந்தளூர் பக்கத்துத் தண்ணீரையெல்லாம் கூட்டிக்கொண்டு அமராவதி இறங்கி வருகிறது. அணை கட்டியது 1950-களில். ஆனால் வாய்க்கால்கள் அதற்கு ரொம்ப முந்தியவை. ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு ராஜவாய்க்கால்கள். பேரைச் சொல்லும்போதே நெல் வாசனை அடிக்கிறது! பனியன் மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளுகிற நமக்கு, அந்த வாய்க்கால் கரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே தலைவலி பறந்துவிடும்.

நெல்லும் தென்னையும் கரும்பும் இருந்த இந்த வட்டாரத்தில் இப்போது இன்னொரு காட்சியும் சேர்ந்திருக்கிறது. ரோட்டோரம் அங்கங்கே பச்சை வலைக் கூரைகள். உடுமலைச் சுற்று வட்டாரம் தக்காளிக்குப் பேர் போனது அல்லவா? அந்தத் தக்காளிக்கு நாற்று வளர்க்கும் கூடாரங்கள் அவை. குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, சுமார் இருபத்தைந்து நாளில் நாற்றாக விற்கிறார்கள். என் அத்தையும் மாமா போன பிறகு இதைத்தான் தொழிலாக எடுத்துக்கொண்டார். அக்கம் பக்கத்துப் பெண்கள் ஆறு பேருக்கு அங்கே வேலை.

பக்கவாட்டில் பச்சை வலை, மேலே பாலித்தீன் ஷீட், இரும்புக் குழாயில் வளைவு வளைவாகச் சட்டம். பசுமைக்குடில் என்று தோட்டக்கலைத் துறையில் சொல்கிறார்கள். அத்தைக்கு அது 'குடுசு'.

ஒரு ராத்திரி மழை

அத்தையின் குடில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி ராத்திரி விழுந்தது. அந்தக் கதையை அத்தை சொன்னபடியே எழுதுகிறேன்.

"மத்தியானமே பார்த்தேன் கண்ணு. ரெண்டு கொழாய்க்கு நடுவுல ஷீட்டு கொஞ்சம் தொங்குச்சு. ஒரு சொம்புத் தண்ணி நின்னிருக்கும், அவ்வளவுதான். காலைல ஆளு வந்ததும் இழுத்துக் கட்டிக்கலாம்னு விட்டுட்டேன். ராத்திரி ஊத்துச்சு பாரு மழை! சொம்பு கொடமாச்சு, கொடம் தொட்டியாச்சு. மூணு மணிக்கு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா நாலு கொழாய் மடங்கிக் கெடக்குது. கீழ அத்தனை நாத்தும் சேறு."

நாற்பதாயிரம் நாற்று! அட்வான்ஸ் கொடுத்திருந்த விவசாயிகளுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆறு பெண்களுக்குச் சம்பளம் தர வேண்டும். அத்தையின் கை வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவற்றை மீட்க இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒரு சொம்புத் தண்ணீருக்கு இத்தனை பலமா என்று நான் கேட்டேன். பன்னிரண்டாவது படிக்கும் என் பெரியவள் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் இருநூறு லிட்டர். இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ. நாலு சிமெண்ட் மூட்டையை ஒரு மெல்லிய குழாயின் தலையில் ஏற்றின மாதிரி! அதுவும் எப்படி வருகிறது தெரியுமா? கொஞ்சம் தண்ணீர் நின்றால் ஷீட் கொஞ்சம் தொய்கிறது. தொய்ந்த பள்ளத்துக்கு இன்னும் தண்ணீர் வருகிறது. பாரம்தான் பாரத்தைக் கூப்பிடுகிறது.

அன்றிலிருந்து அத்தை சில பழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறார்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு மூங்கில் முட்டுக்கால் கொடுத்துவிடுகிறார். மழைக்காலம் முடிந்ததும் எடுத்துவிடலாம். ஷீட்டை மத்தளம் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார். தட்டினால் 'டம்' என்று சத்தம் வரவேண்டுமாம்.

நீள மூங்கில் நுனியில் பனியன் துணியைப் பந்து மாதிரி சுற்றி வைத்திருக்கிறார். மழை பெய்யும் ராத்திரி எழுந்து போய், தொய்ந்த இடத்தை உள்ளேயிருந்து மெல்லத் தூக்கித் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார். வெறும் மூங்கிலால் குத்தினால் ஷீட் கிழிந்துவிடும் அல்லவா?

குழாயும் ஷீட்டும் தொடுகிற இடமெல்லாம் பனியன் துணிச் சுற்று. வெயிலில் சுடும் குழாய்தான் ஷீட்டை முதலில் இற்றுப்போகச் செய்கிறது. மூட்டு முனை, கம்பி முனை எதுவும் ஷீட்டில் உரசக்கூடாது. நான் மூட்டை சுமந்த ரகசியம் இதுதான்!

கடைசியாக ஒன்று. ஆடிக் காற்று அளவுக்கு மீறி அடித்தால், வலையைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்துவிடுவார். "வலை போனா வலையோட போச்சு. அதப் புடிச்சு வெச்சோம்னா சட்டத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும். எத விடறது, எத வெக்கறதுன்னு முன்னாலயே மனசுல முடிவு பண்ணிக்கோணும். காத்து அடிக்கறப்ப ரோசனை வராது."

மலைக்குப் போனால் வேறு பகை

அத்தையின் நாத்தனார் மகள் குன்னூருக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கார்னேஷன் பூ வளர்க்கிறார்கள், அதுவும் பசுமைக்குடிலில்தான். லீவில் பாக்கி நாள் இருந்ததால் பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் வழியாக அங்கேயும் ஒரு நடை போய்வந்தோம். பாலித்தீன் கூரை ஒன்றுதான். ஆனால் அங்கே பகை வேறு.

நீலகிரியில் கூரையை முறிக்கிற அளவுக்குப் பனி விழுவதில்லை. அங்கே இருப்பது உறைபனி. கார்த்திகை தொடங்கி மாசி வரை, மேகம் இல்லாத, காற்றும் இல்லாத ராத்திரிகளில்தான் அது வரும். மேகம் பூமிக்குக் கம்பளி மாதிரி. கம்பளி இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் ஆகாசத்துக்குப் போய்விடுகிறது. விடியும்போது புல்வெளி உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகு! ஆனால் இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, வெயில் பட்டதும் சடாரென்று உருகினால் செடி கருகிவிடும்.

1848-ல் ஆரம்பித்த ஊட்டி தாவரவியல் பூங்காவில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். சின்னப் பூச்செடிகளின் மேல் காட்டுச் செடிக் கிளைகளைக் குடை மாதிரி கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுவதற்கு முன்பே உறைபனியைக் கரைத்துவிடுகிறார்கள். மென்மையான செடிகளுக்குக் கண்ணாடி மாளிகை இருக்கவே இருக்கிறது.

பூ வளர்க்கும் வீட்டில் அந்தப் பெண் சொன்னாள்: "மேல ஷீட் இருக்கு, குளிர் வராதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க அக்கா. ஒத்தை ஷீட் பெரிசா ஒண்ணும் தடுக்காது. பகல்ல புடிச்ச சூட்டைப் போகாம வெச்சுக்கறதுலதான் இருக்கு சூட்சுமம்." மூன்று மணிக்கெல்லாம் பக்கத்துத் திரைகளை இறக்கிவிடுகிறாள். காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு திறக்கிறாள். உள்ளே இன்னொரு மெல்லிய ஷீட்டைக் கூரைக்குக் கீழே கட்டியிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் கம்பளி. பகலிலேயே மண்ணை நனைத்துவிடுகிறாள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைத்திருக்குமாம்.

காலையில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் அவளுக்கு அடுத்த கவலை. பூவின் மேல் சொட்டினால் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் வந்துவிடும். அதனால் வெயில் ஏறியதும் காற்றோட்டம் தவறக்கூடாது. கோடை இடிமழையோடு ஆலங்கட்டி விழுந்தாலோ, ஷீட் சல்லடைதான். அதற்காகத்தான் மேலே கூடுதலாக ஒரு வலை.

ஆக, கொமரலிங்கத்தில் பாரம், நீலகிரியில் குளிர். இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ராத்திரியில் வந்தால்? அதற்குத்தான் அத்தை மகளின் கதை.

கடல் தாண்டி ஒரு குடில்

அத்தையின் மகள் கனடாவில், டொரண்டோவுக்கு வெளியே இருக்கிறாள். அந்த நகரத்தைச் சுற்றி நம் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கத்தரிக்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் கீரைக்கும் அங்கே நல்ல கிராக்கி. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வளைவுக் குழாயில் இரண்டு பாலித்தீன் குடில்கள் போட்டார்கள். ஒன்று புதுசு, இன்னொன்று யாரோ பயன்படுத்தி விற்றது. போட்ட பணத்தில் பாதி அத்தை கொடுத்தது.

முதல் குளிர்காலம். இங்கே விடிகாலை ஆறு மணி, அங்கே முந்தின நாள் ராத்திரி ஏழரை. போன் வந்தது. நாளை விடிவதற்குள் ஒரு அடி பனி விழும், நடுவில் உறைமழையும் பெய்யலாம் என்று வானிலை அறிக்கை. பெண்ணின் குரலே சரியில்லை.

உறைமழை என்றால் என்ன என்று கேட்பீர்கள். தண்ணீராகத்தான் விழும், விழுந்து தொட்ட இடத்தில் அப்படியே பனிக்கட்டியாகிவிடும். கிளை, கம்பி, கூரை எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டை போட்ட மாதிரி! 2013 டிசம்பரில் டொரண்டோவில் அப்படிப் பெய்து, மரங்கள் முறிந்து மின்கம்பிகள் அறுந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் லட்சக்கணக்கான பேர் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள்.

என் பெரியவளின் கணக்கு இங்கேயும் உதவும். பொசுபொசுவென்று புதிதாக விழுந்த பனி ஒரு அடி உயரம் நின்றால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் முப்பது கிலோ. அதுவே ஈரப் பனியாக இருந்தால் தொண்ணூறு கிலோவுக்கும் மேல். ஆறு மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம் உள்ள குடிலின் தலையில் ஏறுவது மூன்றரை டன்னிலிருந்து பத்து டன் வரை. ஒரு லாரி லோடு! விழுந்த பனியின் மேல் மழை பெய்தால் பஞ்சு தண்ணீரைக் குடிப்பது போல அத்தனையும் குடித்துக் கனத்துவிடும்.

"அம்மா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஏஞ்சாமி, கூரை மேல விழறது தண்ணியோ பனியோ, கனம் கனந்தான? மூங்கில் கெடைக்குமா அங்க?"

"மரச் சட்டம் இருக்குதும்மா."

"நடுவுல முட்டுக் குடு, முதல்ல. வளைவுக்கு ஒண்ணு. அப்பறம் வெளக்கமாத்துல பழந்துணியச் சுத்திக்க. விடியட்டும்னு இருக்காத. ஒரு கை உயரம் சேர்றதுக்குள்ள தள்ளிவிட்டுரு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளு. ஒரு பக்கம் மட்டும் காலி பண்ணினா அந்தப் பக்கமா சாஞ்சுரும்."

பனியையே பார்க்காத அத்தை சொன்ன இதைத்தான், பனி நாட்டு விவசாய ஆலோசகர்களும் சொல்கிறார்கள் என்று அவள் பிறகு சொன்னாள். அங்கே இருந்தவர்களிடம் கேட்டு அவள் சேர்த்துக்கொண்டவை வேறு சில. பனி விழ ஆரம்பிப்பதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டுக் குடிலைச் சூடாக்கிவிட வேண்டும். கூரை சூடாக இருந்தால் முதல் அடுக்குப் பனி ஒட்டாமல் வழுக்கி விழும். சேர்ந்த பிறகு சூடாக்கினால் பலன் குறைவு. குளிருக்காக உள்ளே கட்டியிருக்கும் இரண்டாவது திரையை அன்று ராத்திரி விலக்கிவிட வேண்டும், அப்போதுதான் சூடு கூரைக்குப் போகும். குன்னூரில் கட்டச் சொன்ன அதே திரையை இங்கே விலக்கச் சொல்கிறார்கள், பாருங்கள்! அங்கே பகை குளிர். இங்கே அந்த ஒரு ராத்திரிக்குக் குளிரைவிடப் பாரம்தான் பெரிய பகை. இரண்டு குடிலுக்கும் நடுவில் குவிகிற பனியையும் வாரிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூரையிலிருந்து வழுக்குவதற்கு இடம் இருக்காது, பக்கச் சுவரையும் அது உள்ளே தள்ளும்.

அன்று ராத்திரி இரண்டு பேரும் முறை வைத்துத் தூங்கினார்கள். நீளக் கயிற்றைக் கூரை மேல் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று முன்னும் பின்னும் இழுத்துப் பனியைச் சரித்தார்கள். விடிவதற்குச் சற்று முன்னால் உறைமழை பிடித்துக்கொண்டது. விழுந்தது உடனே கெட்டித்தது, கயிறு ஓடவில்லை. பழைய குடிலின் சட்டம் முனக ஆரம்பித்தது. அவள் தன் புருஷனை உள்ளே போகவிடவில்லை. வெளியே நின்றபடியே கத்தியை எடுத்து, கூரை ஷீட்டை நீளவாக்கில் கிழித்துவிட்டார்கள். சேர்ந்திருந்த பனியெல்லாம் 'பொத்'தென்று உள்ளே விழுந்தது. கீரைப் பாத்தி போயிற்று. ஆனால் சட்டம் நின்றது! புதுக் குடிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எனக்குக் கிழிக்க மனசே வரலம்மா. நீ கயித்த அறுப்பியே, அதுதான் ஞாபகம் வந்துச்சு" என்று போனில் அழுதாளாம். அத்தை இதைச் சொல்லும்போது அவர் கண்ணிலும் தண்ணீர். "ஷீட்டு போச்சாது. பங்குனில வேற வாங்கிக்கலாம். சட்டம் போயிருந்தா ரெண்டு பேரும் ஊருக்குத்தான் வந்திருப்பாங்க" என்றார்.

ஜப்பான் சொல்லும் சேதி

பனி நாட்டிலேயே பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சர்வசாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் 2014 பிப்ரவரி மத்தியில் ஒரு பனிப்புயல் அடித்தது. திராட்சைக்குப் பேர் போன யமனாஷி மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த கோஃபு நகரத்தில் 114 சென்டிமீட்டர் பனி குவிந்தது. அதற்கு முன்னால் அங்கே பதிவான அதிகபட்சம் அரை மீட்டர்கூட இல்லை. அந்த ஊர்களில் குடில்களை அவ்வளவு பாரத்துக்குக் கட்டவே இல்லை. யமனாஷி, குன்மா, சைதாமா மாநிலங்களில் பழமும் காய்கறியும் வளர்ந்துகொண்டிருந்த குடில்கள் வரிசை வரிசையாக மடிந்து விழுந்தன. எப்போதும் பனி கொட்டுகிற வடக்கு மாநிலங்களைவிட, 'நம் ஊரில் இவ்வளவு வராது' என்றிருந்த ஊர்களுக்குத்தான் அந்தத் தடவை அடி பலம்.

கொமரலிங்கத்து ஐப்பசி மழைக்கும் இது பொருந்தும். வழக்கமாக வருகிற அளவுக்குக் கட்டுகிறோம். வழக்கத்தை மீறி வருகிற ஒரு ராத்திரிக்கு முட்டுக்காலும், துணி சுற்றிய கம்பும், முழித்திருக்க ஒரு ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

உடம்பும் முக்கியம்

குடிலைக் காப்பாற்றப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ உள்ளவர்கள், அடுத்த தடவை போனில் பேசும்போது இதையும் சொல்லிவையுங்கள்.

சட்டம் முனகினாலோ, வளைவு சாய்ந்து தெரிந்தாலோ உள்ளே போகவே கூடாது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வெளியிலிருந்துதான்.

கூரை மேல் ஏறக்கூடாது. பனிக்கட்டி பிடித்த ஷீட்டைக் கட்டையால் அடிக்கவும் கூடாது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, சட்டென்று உடைந்துவிடும்.

பனி வாருவது லேசான வேலை இல்லை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது கனமான வேலை செய்தால் இருதயத்துக்குச் சிரமம். ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் மண்வெட்டியைத் தொட வேண்டாம். மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று செய்ய வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ கையில் வலியோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

மூடின குடிலுக்குள் கரி அடுப்போ மண்ணெண்ணெய் ஹீட்டரோ வைத்து அங்கேயே உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருந்து ஆளை முடித்துவிடும். புகை வெளியே போக வழி இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் குடிலில் வேலை செய்யும் பெண்களுக்கு எதிர் உபத்திரவம்: சூடு. சித்திரை வெயிலில் மத்தியான வேலை வேண்டாம். அத்தை வீட்டில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடித்துவிடுகிறார்கள். நடு நடுவே உப்புப் போட்ட மோர். மருந்து அடித்த அன்றைக்குத் திரைகளைத் திறந்து காற்றாட விட்டு, மறுநாள்தான் உள்ளே போகிறார்கள்.

ஒரு நடை போய்வாருங்கள்

கொமரலிங்கத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போங்கள். வெயில் உறைக்காது. உடுமலையிலிருந்து பஸ் வசதி இருக்கிறது. பழனியும் பக்கந்தான், தரிசனத்தை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இறங்கலாம். அமராவதி அணையையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு அங்கிருக்கும் முதலைப் பண்ணை ரொம்பப் பிடிக்கும். நாற்றுக் கூடாரத்துக்காரர்களிடம் பிரியமாகக் கேட்டால் உள்ளே விட்டுக் காட்டுவார்கள். ஐந்து தக்காளி நாற்றும் ஐந்து மிளகாய் நாற்றும் வாங்கி வந்தால், வீட்டுத் தொட்டியில் வைக்க ஆயிற்று.

இப்போது நம்மில் நிறையப் பேர் மொட்டை மாடியில் தோட்டம் போட்டுப் பச்சை வலை கட்டியிருக்கிறோம். சிலர் மழைக்காக மேலே பாலித்தீனும் விரித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கேயாவது தொய்ந்திருக்கிறதா? ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கிறதா? ஆள் வரட்டும் என்று காத்திராமல் அப்போதே தள்ளிவிட்டு, இழுத்துக் கட்டிவிடுங்கள். கம்பு நுனியில் சுற்றப் பழைய பனியன் எந்த வீட்டில்தான் இல்லை!